விலை கூடிய சட்டை அதிக நாள் உழைக்குமா?

கேள்வி இதுதான்: விலை குறைந்த சட்டைகள் நாலு வாங்கி ஒரு வருடத்தில் கழித்துக்கட்டுவது லாபமா, அதே காசுக்கு நல்லதாக ஒன்றே ஒன்று வாங்கி நாலைந்து வருடம் போடுவது லாபமா? கூடவே, எது நல்ல துணி என்று கடையில் நிற்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கே அர்த்தம் வரும், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஆயத்த ஆடைகளின் தரத்தைப் பரிசோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், விலைக்கும் ஆயுளுக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவு கிடையாது. அடிமட்ட விலையில் கிடைப்பது சீக்கிரம் போய்விடும் என்பது பெரும்பாலும் சரி, ஏனென்றால் அந்த விலைக்குக் கொடுக்க வேண்டுமானால் நூலிலோ தையலிலோ எங்கேயாவது கை வைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த அடிமட்டத்தைத் தாண்டி நடுத்தர விலை, உயர்ந்த விலை, மிக உயர்ந்த விலை என்று ஏறும்போது, கூடுதலாகக் கொடுக்கிற காசு துணிக்குள்தான் போகிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கடை வாடகைக்குப் போகலாம், விளம்பரத்துக்குப் போகலாம், விற்காமல் தேங்கிய சரக்கின் நஷ்டத்தை ஈடுகட்டப் போகலாம். ஒரே ரோல் துணியில் வெட்டி, ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் தைத்த டி-ஷர்ட்டுகள் இரண்டு வெவ்வேறு லேபிளோடு இரண்டு அட்டைப்பெட்டிக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன், கடையில் அவற்றின் விலை ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட இருக்காது. அதனால் விலைச்சீட்டை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொண்டு, சட்டையை உள்பக்கமாகத் திருப்புங்கள். மேல்பக்கம் விற்பதற்காகச் செய்தது, எங்கே சிக்கனம் பிடித்தார்கள் என்பது உள்பக்கத்தில்தான் தெரியும்.

முதலில் தையல். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள், அளவுகோல் வேண்டாம், பெரியவர்களின் கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய ஒரு அங்குலம்தான். சட்டைக்கு 12 முதல் 14 வரை இருந்தால் தாராளமாக நம்பலாம். நல்ல மெல்லிய துணியில் 18, 20 கூடப் போடுவார்கள். 7, 8 என்று தாவித் தாவிப் போயிருந்தால், இயந்திரத்தை வேகமாக ஓட்டி நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, தையலின் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து மெதுவாக எதிரெதிரே இழுங்கள். தையல் பல்லிளித்தால், அதாவது இடையில் நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால், வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது தையல் நூல் தளர்வாக இருப்பதாலும் வரலாம், துணியின் நெசவே தளர்வாக இருந்து இழைகள் நழுவுவதாலும் வரலாம். எதுவானாலும் நாளைக்குக் கையை முன்னால் நீட்டும்போது முதுகுப் பக்கம் அதே மாதிரிதான் விடும்.

உள்பக்க ஓரம் எப்படி முடித்திருக்கிறார்கள் என்பதும் நிறையப் பேசும். நல்ல சட்டையில் பக்கவாட்டுத் தையலின் உள்ளே வெட்டுமுனையே கண்ணில் படாது, ஒன்றை ஒன்றுக்குள் மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். ஜீன்ஸின் தொடைப் பக்கம் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். அதற்கு அடுத்த தரம் ஓவர்லாக், அதாவது வெட்டுமுனையைச் சுற்றி நூலால் பின்னி மூடுகிற தையல். ஓவர்லாக் போட்டாலே மட்டம் என்று கிடையாது, டி-ஷர்ட்டுக்கு அதுதான் சரி, துணியோடு சேர்ந்து நீண்டு கொடுக்கும். ஆனால் நெய்த துணியில் ஓவர்லாக் மட்டும் போட்டு, அதற்கு உள்ளே இன்னொரு நேர்த்தையல் இல்லாமல் விட்டிருந்தால் அது பலவீனம். ஓரத்தில் துணியை எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டிருந்தால் பிரிந்தாலும் மறுபடி தைக்கலாம், உடம்பு கொஞ்சம் பருத்தால் பிரித்தும் விடலாம். நூலிழை அளவுக்கு ஒட்ட வெட்டியிருந்தால் பிரிந்த அன்றே கதை முடிந்தது.

பட்டனை ஒரு தரம் திருகிப் பாருங்கள். காஜாவின் உள்விளிம்பில் நூல் நெருக்கமாக இருக்கிறதா, பிசிறு தொங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும். கோடு போட்ட சட்டையானால் பாக்கெட்டின் கோடும் உடம்பின் கோடும் ஒன்றாகப் போகிறதா என்று கவனியுங்கள். இதனால் ஆயுள் கூடாதுதான், ஆனால் கோட்டைப் பொருத்த வேண்டுமானால் துணி கொஞ்சம் வீணாகும், வெட்டுகிறவர் நிதானிக்க வேண்டும். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் மற்ற இடத்திலும் கைச்சுத்தமாக இருப்பார்கள் என்று என் அனுபவத்தில் நம்புகிறேன்.

இனி துணி. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நெசவு ஒரே சீராக இருக்கிறதா, இல்லை மேகம் மாதிரி அங்கங்கே அடர்த்தியும் அங்கங்கே வெளிறலுமாக இருக்கிறதா? நூல் சீரில்லாமல் இருந்தால் மெலிந்த இடம்தான் முதலில் அறும். மெல்லிய துணி என்றாலே மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெலியும், 20 நம்பர் நூல் தடி, 40 மெலிசு, நல்ல சட்டைகளில் 80, 100 என்றுகூடப் போகும். அவ்வளவு மெல்லிய நூலை நூற்க வேண்டுமானால் நீளமான பஞ்சு இழை வேண்டும். சாதாரணப் பருத்தியின் இழை ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர், மிக நீள ரகத்தில் 35-ஐயும் தாண்டும். நீள இழையில் நூற்ற நூலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் குறைவு, அதனால் துணி வழவழப்பாகவும் இருக்கும், சீக்கிரம் பிசிறும் கிளம்பாது. லேபிளில் கோம்டு காட்டன் என்று போட்டிருப்பதன் பொருள், நூற்பதற்கு முன்னால் சீப்பு போட்டு வாரி குட்டை இழைகளை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது. அதில் கணிசமான பஞ்சு கழிவாகப் போகும், விலை கொஞ்சம் கூடுவதற்கு அது நியாயமான காரணம்.

பிசிறு என்றதும் அடுத்த சோதனை. யாரும் தப்பாக நினைக்காத ஒரு மூலையில், உள்பக்க ஓரமாகப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். ரோமம் மாதிரி எழும்பி நின்றால் நாலு சலவைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் வந்துவிடும். இந்த உருண்டைகள் ஏன் சில துணியில் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன தெரியுமா? சுத்தப் பருத்தியிலும் உருண்டை வரும், ஆனால் பருத்தி இழை அவ்வளவு வலு இல்லாததால் உருண்டை தானே அறுந்து விழுந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த வலுவான இழை நங்கூரம் போட்ட மாதிரி உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி கிழியாமல் நெடுநாள் இருந்தும் பார்க்கப் பழசாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்போது மிருதுத்தன்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. கடையில் கையை வைத்தவுடன் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற டி-ஷர்ட்டைத் தரம் என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த மிருது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் ஏற்றிய சிலிக்கோன் பூச்சு. சலவைக்குச் சலவை அது கரைந்து போய், அடியில் இருக்கும் உண்மையான துணி வெளியே வரும். இன்னொரு வழி பயோ வாஷ், அதாவது பருத்தியைத் தின்னும் நொதியை விட்டு மேல் பிசிறை அரித்து எடுப்பது. அளவோடு செய்தால் நல்ல விஷயம், உருண்டை வருவது குறையும். ஆனால் பிசிறை மட்டும் தின்றுவிட்டு நிறுத்திக்கொள் என்று நொதியிடம் சொல்ல முடியாது, அளவு மீறினால் நூலின் வலுவையும் சேர்த்தே தின்றுவிடும். ஒரு தடவை நானே ஏமாந்தேன், இத்தனை விஷயம் தெரிந்தும். விலை கூடிய ஒரு டி-ஷர்ட், தொட்டதும் பிடித்துப்போய் வாங்கிவிட்டேன். மூன்றாவது சலவையில் சொரசொரவென்று ஆகி, கழுத்துப் பட்டி அலை அலையாக எழும்பி, இரண்டு மாதத்தில் இடுப்பு பெல்ட் உரசுகிற இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள். அன்றிலிருந்து கடையில் மிருதைத் தொட்டுப் பார்த்து முடிவு எடுப்பதையே விட்டுவிட்டேன், துணியைக் கசக்கி விட்டால் எப்படி எழும்புகிறது, எவ்வளவு கனமாக விழுகிறது என்றுதான் பார்க்கிறேன்.

கசங்காத சட்டை கேட்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பருத்தி கசங்குவது அதன் குணம். அதைக் கசங்காமல் ஆக்க ஒரு பிசின் வகையை ஏற்றி இழைகளுக்குள் குறுக்குப் பிணைப்புப் போடுகிறார்கள். இழை அசைய முடியாது, அதனால் கசங்காது. அசைய முடியாத இழை வளையும்போது ஒடியும். அதனால் இஸ்திரி வேலை மிச்சம், ஆயுள் நஷ்டம். காலர் மடிப்பிலும் கைமுனையிலும் முதலில் வெட்டு விழும். தினமும் காலையில் அவசரமாக ஓடுகிறவருக்கு அந்த நஷ்டம் பரவாயில்லை என்றால் தாராளமாக வாங்கலாம், என்ன கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. நைந்த மாதிரி, வெளுத்த மாதிரி விற்கிற ஜீன்ஸும் அப்படித்தான். கல்லோடு போட்டு உருட்டியும் ரசாயனம் விட்டும் தேய்த்தும்தான் அந்தத் தோற்றம் வருகிறது, நீங்கள் வருடக்கணக்கில் போட்டுத் தேய வேண்டியதில் ஒரு பங்கை முன்கூட்டியே தேய்த்து எடுத்துவிட்டார்கள். நெடுநாள் உழைக்க வேண்டும் என்றால் அடர்நீலத்தில், தேய்க்காததாகப் பார்த்து வாங்குங்கள், தானாக வெளுத்து உங்கள் உடம்புக்கு ஏற்ற கோடுகளோடு அழகாக வரும்.

எந்த இழை நல்லது என்று ஒரே வார்த்தையில் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், அதைத் தெரிந்துகொண்டால் எதற்கு எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பருத்தி நனைந்தால் வலு கூடும், இது பலருக்குத் தெரியாது. அதனால்தான் அடித்துத் துவைத்தாலும் தாங்குகிறது. மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோஸ், அதாவது நாம் ரேயான் என்கிறோமே அது, இதற்கு நேர் எதிர், நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். தொட்டால் குளுமை, உடம்பில் விழும் விதம் அழகு, வியர்வையையும் நன்றாக உறிஞ்சும், எல்லாம் சரி, ஆனால் ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்தால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். ரேயான் சரியில்லை என்று அலுத்துக்கொள்கிற பலர் அதைப் பருத்தி மாதிரியே துவைத்துக் கெடுத்தவர்கள்தான். மூங்கில் துணி என்று ஏதோ புது அற்புதம் போல விற்பதும் பெரும்பாலும் இதே விஸ்கோஸ்தான், மரத்துக்குப் பதில் மூங்கில் கூழ். அதையும் இதே கவனத்தோடு துவைக்க வேண்டும்.

பாலியஸ்டர் மேல் பொதுவாக ஒரு இளக்காரம் உண்டு. வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1941-ல் கண்டுபிடித்த இழை, இன்றைக்கு உலகத்தில் மிக அதிகமாக உற்பத்தியாவதும் அதுதான். கிழியாது, சுருங்காது, சீக்கிரம் காயும். பிரச்சினை எங்கே என்றால், பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொள்கிற குணமும் அதற்கு உண்டு. அதனால் வியர்வையில் உடம்போடு ஒட்டும், துவைத்த பிறகும் கக்கத்தில் வாடை தங்கும். மழைச் சட்டை, விளையாட்டு உடை, பை, மேல்கோட்டு இதற்கெல்லாம் பாலியஸ்டரை யாரும் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்கத் தோலோடு இருக்கும் சட்டைக்கு முழு பாலியஸ்டர் வேண்டாம் என்பது என் கருத்து. கொஞ்சம் கலந்திருந்தால் கெட்டுப்போகாது, சட்டை விறைப்பாக நிற்கும், சீக்கிரம் காயும், உருண்டையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எலாஸ்டேன் பற்றி மட்டும் சுருக்கமாக. ரப்பர் மாதிரி இழுத்தால் நீண்டு கொடுக்கிற, 1958-ல் வந்த இழை, ஜீன்ஸிலும் பேண்ட்டிலும் 2, 3 சதவீதம் கலந்தால் உட்கார்ந்து எழ வசதி. வெந்நீரும் உலர்த்தியின் சூடும் குளோரின் பிளீச்சும் அதற்கு ஆகாது. முழங்கால் பை மாதிரி தொங்கிப் போய்த் திரும்ப உள்ளே போகவில்லை என்றால், உள்ளே எலாஸ்டேன் அறுந்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை.

டி-ஷர்ட் வாங்கும்போது இன்னும் ஒரு விஷயம். அதை இரண்டு தோளும் சேர நீளவாக்கில் மடித்துப் பிடியுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்குகிறதா? கடையிலேயே முன்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்தால் துவைத்த பிறகு தொப்புள் பக்கம் வந்து நிற்கும். பின்னல் துணியில் நூலின் முறுக்கு தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது, அதைப் பதப்படுத்தும்போது சரியாக அடக்கவில்லை என்றால் சட்டையே திருகிவிடும். கனம் எவ்வளவு என்று போட்டிருந்தால், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற ஜிஎஸ்எம் கணக்கு, 150-லிருந்து 180 வரை தினசரிக்குச் சரியாக இருக்கும். 200-க்கு மேல் நன்றாக உழைக்கும், வெயிலில் சூடும் தெரியும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிவிட்டு வீட்டில் கொல்லுகிறோம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி வீண். துணிகளில் பெரும்பங்கு தேய்மானம் உடம்பில் நடப்பதைவிடச் சலவையில்தான் நடக்கிறது என்பது நான் பார்த்த வரையில் உறுதி. சூட்டில் உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் வடிகட்டியை எடுத்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி சேர்ந்திருக்கிறதே, அது தூசி இல்லை, உங்கள் துணிதான். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு இழை உதிர்ந்து போகிறது. கயிற்றில் காயப்போட இடமிருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, நிறமுள்ளதை மட்டும் உள்பக்கம் திருப்பி நிழலில். வெயில் சாயத்தைத் தின்றுவிடும், வெள்ளைக்குக் கவலை இல்லை.

துவைக்கும் முன் உள்பக்கமாகத் திருப்புங்கள், ஜிப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் அதன் பல் பக்கத்துத் துணியை அரத்தால் தேய்ப்பது மாதிரி தேய்க்கும். இயந்திரத்தைக் கழுத்து வரை திணித்தால் உரசல் கூடும், அழுக்கும் போகாது. சோப்புத்தூள் கூடப் போட்டால் கூடுதல் சுத்தம் என்பதும் தப்பு, அலசிப் போகாமல் தங்கும் தூள்தான் துணியை மொடமொடப்பாக்கி மங்க வைக்கிறது. கம்பளிக்கும் பட்டுக்கும் நொதி சேர்த்த தூள் கூடவே கூடாது, கறையிலுள்ள புரதத்தைக் கரைக்க வைத்திருக்கிற நொதிக்குக் கம்பளியும் பட்டும் புரதம்தானே, பார்த்துவிட்டுச் சும்மா இருக்காது.

உள்ளே தைத்திருக்கும் சின்னங்களை யாரும் படிப்பதில்லை. தொட்டி தண்ணீருக்கு, அதில் உள்ள எண் தாங்கக்கூடிய அதிகபட்ச வெப்பம். முக்கோணம் பிளீச், சதுரம் உலர்த்துவது, சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் இயந்திர உலர்த்தி. இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு நடுத்தரம், மூன்று அதிகம். எதன் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ அதைச் செய்யக்கூடாது. இவ்வளவுதான், ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் போதும்.

வெள்ளைச் சட்டையின் கக்கத்தில் மஞ்சள் படிகிறதே என்று பலர் வருந்துவார்கள். வியர்வையும், வியர்வையைக் கட்டுப்படுத்தப் பூசும் பொருளில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து படிவதுதான் பெரும்பாலும் அது. அதற்குக் குளோரின் பிளீச்சை ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். பூசியதை நன்றாகக் காயவிட்டுச் சட்டையைப் போட்டு, கழற்றிய அன்றே அந்த இடத்தை மட்டும் நனைத்து அலசினால் பாதிப் பிரச்சினை வராது. அப்புறம், ஒவ்வொரு தடவை போட்டதும் துவைத்தே ஆக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. உள்ளாடையும் வியர்வை பட்ட சட்டையும் உடனே, சந்தேகமே இல்லை. ஜீன்ஸ், கோட்டு, கம்பளி இவற்றைக் காற்றில் தொங்கவிட்டுப் பல தடவை போடலாம்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், காசுக் கணக்கு. விலையை எத்தனை தடவை போடுவோம் என்பதால் வகுத்துப் பாருங்கள். மலிவுச் சட்டை 30 தடவை வருகிறது, அதைப்போல நான்கு மடங்கு விலையுள்ளது 80 தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை கூடியதுதான் ஒரு தடவைக்கு அதிகச் செலவு வைக்கிறது, ஈடாக வேண்டுமானால் அது 120 தடவை வர வேண்டும். நல்லதாக ஒன்றே வாங்கு என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை, மடங்கு விலைக்கு மடங்கு ஆயுள் தானாக வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. துணி எத்தனை தடவை தாங்கும் என்பது ஒரு எண், நீங்கள் எத்தனை தடவை போடுவீர்கள் என்பது வேறு எண், கணக்கில் வர வேண்டியது இரண்டில் சின்னது. 200 தடவை தாங்கும் கோட்டை வருடத்துக்கு இரண்டு விசேஷத்துக்குப் போட்டால், அது தாங்குவதால் உங்களுக்கு என்ன பயன்? அதற்குள் உடம்பு மாறும், ரசனையும் மாறும்.

அதனால் தினமும் போடுவதில் காசைப் போடுங்கள். வேலைக்குப் போடும் பேண்ட், தினசரிச் செருப்பு அல்லது ஷூ, குளிர் உள்ள இடமானால் மேல்கோட்டு, இவற்றுக்கு மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, தேறினால் விலை கூட என்றாலும் வாங்கலாம். ஷூவில் அடிப்பாகத்தை மாற்றித் தைக்க முடிகிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. வளரும் குழந்தைகளின் உடை, இந்த வருடம் மட்டும் ஓடும் நாகரிகம், ஒரே ஒரு நாளுக்கான உடை, இவற்றில் ஆயுளைத் தேடிக் காசு கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளாடையிலும் காலுறையிலும் நடுத்தர விலை போதும், எலாஸ்டிக் எப்படியும் ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடும்.

கையில் மொத்தமாகக் காசு இல்லாதவரிடம் போய், மலிவாக வாங்கி வீணாக்குகிறாய் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்த மாதம் சட்டை வேண்டும், இருப்பது இவ்வளவுதான் என்றால் மலிவானதைத்தான் வாங்க முடியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலிவு அடுக்கிலேயே உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பத்தில் ஒன்றிரண்டு ஒழுங்காகத் தைத்தது கிடைக்கும், ஒரே வகைச் சட்டையில்கூட ஒன்றுக்கொன்று தையலில் வித்தியாசம் இருக்கும், அதனால் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு வராமல் நாலைப் பிரித்துப் பாருங்கள். ஒருவர் போட்டுக் கொடுத்த துணியையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். அதில் சிலிக்கோன் எல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது, சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது, சாயம் போக வேண்டியது போய்விட்டது. இருபது சலவை கண்டும் ஒழுங்காக நிற்கிற துணி என்றால் அது பரீட்சை எழுதித் தேறி வந்த துணி, புதுசில் அந்த நிச்சயம் கிடைக்காது. காலர் மடிப்பு, கைமுனை, கக்கம், பேண்ட் என்றால் தொடை இடுக்கு, இந்த நாலு இடத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

கடைசியாக, நீங்கள் வேலைக்கு நாலு சட்டை வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். நாலையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். சோதனையில் தேறியதாக ஒன்றை மட்டும் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் காலருக்குக் கீழிருந்து அடி ஓரம் வரை ஒரு அளவு, கக்கத்துக்குக் கக்கம் ஒரு அளவு, கைநீளம் ஒரு அளவு எடுத்து எங்கேயாவது குறித்து வையுங்கள். வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே மூன்று தடவை துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் 70 சென்டிமீட்டர் இருந்து 68-க்கு மேல் நின்றால் பரவாயில்லை, 66-க்கு வந்துவிட்டால் அந்த வகையை மறந்துவிடலாம். கழுத்துப் பட்டியும் பக்கத் தையலும் வைத்த இடத்திலேயே இருந்து, காலர் உள்ளே குமிழ் விடாமல் தட்டையாக நின்றால், மற்ற மூன்றையும் அதே கடையில், அதே வகையில், நிறம் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். புது நிறங்களை முதல் இரண்டு சலவைக்கு மட்டும் தனியாக நனையுங்கள்.